இலுப்பைக்கு எந்த வாள்

பத்மாசினி கோடாலியை இலுப்பை மரத்தில்தான் சாய்த்து வைத்தாள். விடிய எழும்பிப் பார்த்தபோது அது வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது.

அப்பா படுத்திருக்கும் அறையின் வெளிச்சுவர். இரும்பு ஈரமண்ணில், பிடி மேலே, அவள் எப்போதும் வைக்கும் அதே சரிவில். இரவுத் தூறலில் முற்றத்து மணல் தடவிவிட்டதுபோல் கிடந்தது. மரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கால் அடையாளமும் இல்லை. வாசல் படலையில் சங்கிலி போட்டபடியே இருந்தது. அப்பா பரமலிங்கம் பாரிசவாதம் வந்து மூன்று வருஷமாகத் தானாக எழுந்து நடக்காதவர். பேச்சும் இல்லை.

பெரிய மரமென்றால் அதில் குடியிருப்பவற்றுக்கு முதல்நாள் பின்னேரமே அறிவித்தல் கொடுப்பது மரம் வெட்டும் அவள் தொழிலில் வழமை. கோடாலியை அடிமரத்தில் சாய்த்து, "நாளைக்கு வெட்டப் போறம். இருக்கிறவை எழும்பிப் போங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். விடியக் கோடாலி விழுந்து கிடந்தால் மூன்று நாள் பொறுப்பார்கள். நின்றால் வெட்டுவார்கள். பதினைந்து வருஷத்தில் அது விழுந்ததை இரண்டு தரம் பார்த்திருக்கிறாள். இடம் மாறியதைப் பார்த்ததில்லை.

பொறுக்கவும் நேரமில்லை. இரண்டு கிழமை மழையில் வேரடி இளகி, இலுப்பை அப்பாவின் அறைக்கு மேலே நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. இன்றிரவு பெருங்காற்று என்று வானொலி சொல்லிவிட்டது. பண்டத்தரிப்பில் மரம் வெட்டும் மூன்று பேர் வந்து பார்த்து, அண்ணாந்து நின்று, வந்த வழியே போனார்கள்.

அவள் கோடாலியைத் தூக்கிக் கிணற்றடிக் கொட்டிலுக்குள் எறிந்து கதவைக் கொளுக்கி போட்டுப் பூட்டினாள்.

மத்தியானம் ஜெறோம் ஓட்டோவில் வந்தான். குருநகரில் போட் எஞ்சின் திருத்துகிறவன், மரம் அறுக்கும் மெசின் வாளும் விற்கிறான். பின் இருக்கையில் இரண்டு வாள்கள் சோடியாகக் கிடந்தன.

"ரெண்டும் ஒரே அச்சு அக்கா. ஒரே உடம்பு, ஒரே அலகு. பக்கத்திலை இருக்கிற நம்பர்தான் வேறை. உதுக்கு நாலே முக்கால் குதிரைவலு, இதுக்கு அஞ்சே முக்கால்."

"ஒரு குதிரைக்கோ இவ்வளவு கதை?"

"பெரிசு கொஞ்சம் பாரம். பின்னேரம் நாரி நோவே சொல்லும் எது எதெண்டு. ரெண்டையும் போட்டுப் பாருங்கோ, ஒண்டை நான் கொண்டு போறன். என்னைக் கேட்டால் உங்களுக்குச் சின்னதே போதும்."

"எனக்கோ, மரத்துக்கோ?"

"உங்களுக்கெண்டு சொன்னால் என்னைக் கோடாலியாலை வெட்டுவியள்."

அவன் சிரித்தான். அவள் கொட்டிலைப் பார்த்தாள். கொளுக்கி அப்படியே இருந்தது.

"ஐயாவை வெளியிலை கொண்டு வருவமோ?"

"நான் வெட்டுற மரம் வீட்டுப் பக்கம் விழாது."

மரத்தின் கழுத்தில் கயிறு கட்டி, வீட்டுக்கு எதிர்ப்பக்கத்துப் பனையில் முறுக்கி ஏற்கெனவே இழுத்து வைத்திருந்தாள். சின்ன வாளை எடுத்து, மரம் விழவேண்டிய பக்கத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முதல் வெட்டைத் தொடங்கினாள். சிவந்த தூள் அவளுடைய சப்பாத்தின்மேல் கொட்டியது. பெற்றோல் புகையோடு இலுப்பையின் கசந்த மணம் எழுந்தது. சின்னது நன்றாகவே அறுத்தது, ஆனால் மெதுவாக. மரத்தின் நடு வைரத்தைத் தொட்ட இடத்தில் மூச்சு வாங்கியது. மரத்தில் வாய்போல ஒரு துண்டு கழன்று விழுந்ததும் அவள் எஞ்சினை நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை.

நாலைந்து விநாடி இருக்கும். அதே உறுமல், வீட்டுக்குள்ளிருந்து, சுவருக்குள் அடைபட்டதுபோல். பிறகு மெல்ல இறங்கி ஓய்ந்தது.

ஜெறோம் வாளைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான்.

"எதிரொலி," என்றான். அதைத் தானே நம்பாத குரல்.

அவள் உள்ளே போனாள். அப்பா கண்ணைத் திறந்தபடி கிடந்தார். அறைக்குள் இலுப்பை மணம். மரத்தைப் பார்த்த சுவரில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, சீமெந்திலும் கல்லிலும் வாய்போல ஒரு வெட்டு. ஓரங்கள் வழுவழுப்பாக, ஒரு சிராய் இல்லாமல். அதன் கீழே நிலத்தில் சிவந்த மரத்தூள் குவிந்திருந்தது. கல்லை அறுத்தால் வெள்ளைத் தூள் வரவேண்டும். அவள் விரலால் தொட்டாள். ஈரமாக இருந்தது. கட்டிலின் கால் வெட்டிலிருந்து ஒரு சாண்.

கோடாலி அங்கே சாய்ந்து நின்றது வேறொன்றுக்கும் இல்லை. அவள் சொன்னதை யாரோ அப்படியே அவளுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கிறவை எழும்பிப் போங்கோ.

முதலில் பயம் வந்தது. பிறகு, அதற்குப் பின்னால், கோபம். சண்டைக்காலத்தில் இந்த வீட்டை மூன்று தரம் விட்டுப் போய் மூன்று தரம் திரும்பி வந்திருக்கிறார்கள். கூரையில்லாமல் கிடந்ததை அவளே ஓடு போட்டாள். எழும்பிப் போகச் சொல்வதைக் கேட்டு அவளுக்குப் புளித்துவிட்டது.

அப்பாவைக் கைகளில் அள்ளிக்கொண்டு வெளியே வந்து ஓட்டோவில் இருத்தினாள். இத்தனை இலேசாகிவிட்டாரா என்று நினைத்தாள்.

"விட்டிட்டு வாங்கோ அக்கா. வாள் ரெண்டும் போகட்டும்."

"வாயைப் பிளந்துவிட்ட மரத்தை விட்டிட்டுப் போனால் ராவுக்குக் காத்து வந்து முடிச்சு வைக்கும். அதுவும் வீட்டுப் பக்கத்துக்கு."

"அப்ப சின்னதாலை மெல்ல..."

"மெல்ல அறுத்தால் வீட்டையும் மெல்ல அறுக்கும்."

அவள் பெரிய வாளைத் தூக்கினாள். பாரம் தோளில் தெரிந்தது. அது பிடித்திருந்தது. மரத்தின் மறுபக்கம் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, உரத்துச் சொன்னாள்:

"நீங்கள் சொன்னியள், நாங்கள் எழும்பிட்டம். இனி உங்கடை முறை."

வாளின் கயிற்றை இழுத்த முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது. அலகு வைரத்துக்குள் வெண்ணெய்க்குள் போவதுபோல் போனது. கூடுதலான அந்த ஒரு குதிரை எங்கே இருக்கிறது என்று இப்போது கைக்குத் தெரிந்தது. பின்னால் வீடு உறுமியது. அவள் திரும்பவில்லை. ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி விழும் சத்தம். கண்ணாடி உடையும் சத்தம். அலுமாரியாக இருக்கும். போகட்டும். ஓடு திரும்பவும் போடலாம். அவளுக்குப் போடத் தெரியும்.

பாதி.

முக்கால்.

இரண்டு விரல் அகலம் மிச்சம். இந்த இடத்தில் நிறுத்தி ஆப்பு அடிக்கவேண்டும். எஞ்சினை நிறுத்தினாள்.

வீட்டின் உறுமலும் நின்றது.

ஆனால் இன்னொரு உறுமல் இருந்தது. சின்னதாக. மிகக் கிட்ட.

ஆப்பை எடுக்கக் குனிந்தபோது, வலது கெண்டைக்காலில் ஏதோ பட்டது. இலேசாக. பூனை உரசுவதுபோல்.

படலையடியில் ஜெறோம் அசையாமல் நின்றான். அவன் மரத்தைப் பார்க்கவில்லை. ஓட்டோவுக்குள் அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே இடத்தை.

அவள் கீழே பார்த்தாள்.

கோடாலி. இரும்பு மண்ணில். பிடி அவளுடைய காலில் சாய்ந்திருந்தது. அதே சரிவு.

காற்சட்டை கிழியவில்லை. நோகவில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, துணியின் ஓரத்தால், சிவந்த தூள் சப்பாத்தின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மெல்லியதாக. சீராக.

இரண்டு விரல் மிச்சம்.

அவள் இடது காலில் பாரத்தை மாற்றினாள். பனைப் பக்கத்துக் கயிறு விறைத்து நிற்கிறதா என்று ஒரு தரம் பார்த்தாள். நின்றது.

"ஜெறோம், இதைத்தான் நான் எடுக்கிறன்," என்றாள். "பெரிசை."

வாளின் கயிற்றை இழுத்தாள்.