முன்னால் மிதிப்பவன்

பனி வாரிய சாலை எரிவாயுக் கிணற்றின் இரும்புக் கேட்டோடு முடிந்துவிடும். அதற்கப்பால் போக வேண்டுமானால் நடைதான். அன்று காலை நாங்கள் மூன்று பேரும் என் பிக்கப் வண்டியை அங்கே நிறுத்தியபோது வானம் தெளிவாக இருந்தது. மூச்சை இழுத்தால் மூக்கு மயிர் ஒட்டிக்கொள்கிற குளிர். எங்கள் ஊரில் பிப்ரவரி அப்படித்தான். அதற்காக யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவதில்லை.

லைல் என் தங்கை ரமோனாவின் கணவன். மாடு வளர்ப்பவன். அந்தக் குளிர்காலத்தில் ஓநாய்கள் அவனுடைய இரண்டு கிடாரிகளையும், போதாததற்கு வீட்டு நாயையும் தின்றிருந்தன. மாடு போனதைவிட நாய் போனதுதான் அவனை உறுத்திக்கொண்டிருந்தது. டார்சி பள்ளிக்கூடத்திலிருந்தே எங்கள் கூட்டாளி. வாயில் ஒரு சின்னக் குழலை வைத்துச் சாகிற முயலைப் போலக் கத்தி, ஓநாயையும் கொயோட்டி நரியையும் பக்கத்தில் வரவழைப்பதில் கெட்டிக்காரன். வேறு எதிலும் கெட்டிக்காரன் என்று கூசாமல் சொல்ல முடியாது.

கிளம்பும்போது ரமோனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓரெஸ்ட் அண்ணா, இவருக்குக் கோபம் வந்தா கண்ணு தெரியாது. நீதான் முழுசா கொண்டுவந்து சேர்க்கணும்."

"உன் புருஷன் என்ன முட்டையா, உடைஞ்சு போறதுக்கு?" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

மூவரும் ஒரே மாதிரி வெள்ளை மேலங்கி போட்டிருந்தோம். தலையில் வெள்ளை முக்காடு, முகத்தில் வெள்ளைத் துணி. பனியோடு பனியாக உட்கார்ந்திருந்தால்தான் ஓநாய் வரும். பனியில் புதையாமலிருக்க அகலமான மிதியடிகளைக் காலில் கட்டிக்கொண்டு, எண்ணெய்க் கம்பெனி எப்போதோ காட்டுக்குள் வெட்டிப்போட்ட நேர்ப்பாதை வழியாக ஏரிக்கு நடந்தோம். பனிவண்டியில் போயிருக்கலாம். அந்தச் சத்தத்துக்கு ஓநாய் அடுத்த மாவட்டத்துக்கே ஓடிவிடும்.

காலையில் டார்சியின் குழலுக்கு ஒரு கொயோட்டி வந்தது. லைல் ஒரே குண்டில் வீழ்த்தினான்.

"இதுதான் உன் நாயைத் தின்னுச்சா?" என்றான் டார்சி.

"வாயை மூடிட்டுக் குழலை ஊதுடா. பெரியவங்க வரட்டும்."

பெரியவர்கள் மதியத்துக்கு மேல் வந்தார்கள். ஏரியின் அக்கரையிலிருந்து ஓநாய்கள் ஒன்றின் தடத்தில் ஒன்று கால் வைத்து, வரிசையாக எங்களை நோக்கி நடந்து வந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் வந்தால் சுடலாம்.

எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

அவை எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் வரிசையின் ஓரத்தில் லைல் படுத்திருந்தான். அவனுக்கும் அந்தப் பக்கம் வெறும் பனிதான் இருந்தது. அவை அதைப் பார்த்தன. முன்னால் நின்ற பெரிய ஓநாய் வாலை வயிற்றுக்கடியில் நுழைத்துக்கொண்டு திரும்பியது. மற்றவையும் திரும்பின. அடிபட்ட நாய்கள் போல ஓடின.

லைல் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு எழுந்து ஏரிக்குள் ஓடினான். நாங்கள் கத்துவதற்குள் அவன் வலது கால் உள்ளே போய்விட்டது. ஏரியின் பனிக்கட்டி உடையவில்லை. பனிக்கும் உறைந்த ஏரிக்கும் நடுவில் சில இடங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும், மேலே பார்த்தால் தெரியாது. முழங்கால்வரை நனைந்துவிட்டான்.

இந்தக் குளிரில் நனைந்த கால் என்றால் விளையாட்டில்லை. காய்ந்த சாக்ஸைப் போட்டு, அதன் மேல் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி, பூட்ஸுக்குள் நுழைத்தோம். பூட்ஸ் அதற்குள் கல்லாகியிருந்தது.

"நெருப்பு மூட்டலாமா?" என்றேன்.

"எந்தக் காத்துல மூட்டப்போற?" என்றான் டார்சி.

உண்மைதான். காற்று கிளம்பியிருந்தது. அக்கரை மரங்கள் அதற்குள் மறைந்துவிட்டன. இருட்டவும் தொடங்கியது.

"நடந்தாத்தான் கால்ல சூடு இருக்கும். கிளம்புங்க மச்சான்," என்றான் லைல். குரலில் பழைய திமிர் இல்லை.

கொயோட்டியை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினோம். காலையில் நாங்கள் மிதித்த தடத்தைக் காற்று மூடியிருந்தது. மறுபடி மிதித்துத்தான் போக வேண்டும். ஆழப் பனியில் முன்னால் போகிறவனுக்குத்தான் பாடு. அவன் மிதித்த பாதையில் மற்றவர்கள் சுலபமாக வரலாம். கால் ஓய்ந்ததும் அவன் ஓரமாக விலகித் தலையைக் குனிந்து நிற்பான். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவனைக் கடப்பார்கள். கடக்கும்போது அவன் முதுகில் ஒரு தட்டு, உன் முறை முடிந்தது என்று. எல்லாரும் போனதும் அவன் வரிசையின் வாலில் சேர்ந்துகொள்வான். காற்று இரையும்போது பேச முடியாது, தட்டுதான் பேச்சு.

முதலில் நான் மிதித்தேன். தொடை எரியத் தொடங்கியதும் விலகிக் குனிந்து மூச்சு வாங்கினேன். டார்சி தட்டிவிட்டுப் போனான். லைல் தட்டிவிட்டுப் போனான்.

இன்னொரு தட்டு விழுந்தது.

நான் அப்போது எதையும் யோசிக்கவில்லை. களைத்தவனுக்குக் கணக்கு ஏது? வெள்ளை முதுகு ஒன்று கடந்துபோனது, அதன் பின்னால் சேர்ந்துகொண்டேன். பாதை நன்றாக இறுகியிருந்தது. லைல் இப்போது நொண்டாமல் நடக்கிறானே, கால் பிழைத்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். ரமோனாவிடம் என்ன பொய் சொல்லலாம் என்றுகூட யோசித்தேன்.

காற்று ஒரு நொடி அடங்கியது. தலையைத் தூக்கினேன்.

எனக்கு முன்னால் ஒரு முதுகு. அதற்கு முன்னால் நொண்டிக்கொண்டு ஒரு முதுகு. அதற்கும் முன்னால் இன்னொன்று.

நின்றுவிட்டேன்.

எனக்கு முன்னால் போனதும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா நின்றது. நான் ஓரடி வைத்தேன், அதுவும் ஓரடி வைத்தது.

"லைல்!" என்று கத்தினேன். காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. தோளில் துப்பாக்கி இருந்தது. ஆனால் அதற்கு நேர் முன்னால் லைல் இருந்தான். இலக்குக்குப் பின்னால் ஆள் நின்றால் சுடக்கூடாது என்பதைத் துப்பாக்கி பிடிக்கும் முன்பே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதுவுமில்லாமல், சுட்டு அது விழாமல் நின்றால் நான் என்ன செய்வது? பயந்துதான் சுடவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

முன்னால் டார்சி விலகி நின்றான். லைல் அவனைத் தட்டிக் கடந்தான். அதுவும் தட்டிக் கடந்தது. நான் வந்து தட்டியபோது டார்சி என் கையைப் பிடித்துக்கொண்டான். இமைகளில் பனி ஒட்டிய கண்கள் என்னை வெறித்தன.

"ஓரெஸ்ட். நீயா கடைசி?"

"நான்தான்."

"அப்ப இப்பப் போனது யாருடா?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவன் முன்னால் பார்த்தான். லைல் பாதை மிதித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்து அது.

"லைல் ரொம்ப நேரம் தாங்க மாட்டான்," என்று டார்சி கிசுகிசுத்தான். "அவன் விலகினா, அடுத்து மிதிக்கப்போறது அதுதான்."

பாதையைவிட்டு இறங்கினேன். அதைச் சுற்றிப் போய் லைலைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கவாட்டில் அதற்கு இணையாக வந்தபோது முகத்தைப் பார்த்தேன். முகமென்று எங்கே பார்த்தேன், துணியைத்தான் பார்த்தேன். எங்கள் துணியெல்லாம் மூச்சு பட்டு உறைந்து தகடாகியிருந்தது. அந்தத் துணி காய்ந்து கிடந்தது. மூச்சு பட்ட அடையாளமே அதில் இல்லை.

அடுத்த அடியில், பனிக்கடியில் விழுந்து கிடந்த மரத்தின் இடுக்கில் கால் போய், இடுப்புவரை புதைந்தேன். டார்சி என்னை இழுத்துப்போட்டு நான் எழுந்து பார்த்தபோது, லைல் ஓரமாக விலகித் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

அது அவன் முதுகில் தட்டியது. மெதுவாக, அன்பாகத் தட்டியது. பிறகு முன்னால் போனது.

ஓடிப்போய் லைலைக் கட்டிப்பிடித்தேன். அவன் உதடு கோணியிருந்தது.

"ஏன் மச்சான், என்ன ஆச்சு? டார்சி முன்னாடி போயிட்டான் பாருங்க."

"நான் இங்க இருக்கேன்டா," என்றான் டார்சி.

லைல் அவனைப் பார்த்தான். பிறகு இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்த வெள்ளை முதுகைப் பார்த்தான்.

எந்தப் பக்கம் பாதை, எந்தப் பக்கம் காடு என்று எனக்குத் தெரியவில்லை. லைலுக்குத் தன் கால் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. எங்களுக்கு இருந்தது அது மிதித்த தடம் ஒன்றுதான். அங்கேயே நின்றால் லைல் செத்துவிடுவான்.

"போவோம்," என்றேன். அதைச் சொன்னது நான்தான்.

லைலை நடுவில் விட்டு, துப்பாக்கி வாரால் மூவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் நடந்தோம். அது களைக்கவில்லை. ஒருமுறைகூட விலகி நிற்கவில்லை. நாங்கள் தடுமாறி நின்றபோதெல்லாம் அதுவும் நின்று காத்திருந்தது. கடைசியில் இரும்புக் கேட் கையில் இடித்தது. அதையொட்டி என் வண்டி. பனி வாரிய சாலையில் யாருமில்லை.

ஆஸ்பத்திரியில் லைலின் வலது காலில் கடைசி இரண்டு விரல்களை எடுத்தார்கள். ரமோனா என்னைத் திட்டினாள், அழுதாள், பிறகு காபி வாங்கிக் கொடுத்தாள். முழுசாகத்தான் கொண்டுவந்து சேர்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் ஆள் உயிரோடு இருந்தான். அதுபோதும் என்றிருந்தது.

அவன் வீட்டுக்கு வந்த வாரம் பனி பெய்தது. மறுநாள் நான் போனபோது ரமோனா வாசலிலேயே கேட்டாள்.

"அண்ணா, விடியறதுக்கு முன்னாடி வந்துட்டுப் போனியா?"

புதுப் பனியில், அவர்கள் வாசற்படியிலிருந்து தொடங்கி, முற்றத்தைத் தாண்டி, மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி, மரங்கள்வரை நேராக ஒரு பாதை மிதிபட்டிருந்தது. அகல மிதியடித் தடம். போன தடம் மட்டும்தான், வந்த தடம் இல்லை.

லைல் கட்டுப்போட்ட காலை நீட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"எவ்வளவு நல்லா மிதிச்சு வெச்சிருக்கு பாருங்க மச்சான்," என்றான். "இதுல நடந்தா வலியே தெரியாது."

"செருப்பால அடிப்பேன். உள்ள கிட."

"பாவம், அது இன்னும் விலகவே இல்ல. எவ்வளவு நேரம்தான் ஒரே ஆள் மிதிக்கறது?"

அன்றிலிருந்து அவர்கள் வீட்டு சோபாவில்தான் படுத்தேன். ஒவ்வொரு பனிக்கும் அந்தத் தடம் புதிதாக வந்தது. பத்து நாள் அப்படிக் கிடந்தேன். ஒரே ஒரு நாள், குளித்து உடை மாற்ற என் வீட்டுக்குப் போனவன் அசந்து தூங்கிவிட்டேன்.

விடியும்போது போன் அடித்தது. ரமோனா பேசவில்லை, கத்தினாள்.

நான் போனபோது லைலைக் காணோம். அவன் ஊன்றுகோல் கதவோரம் சாய்ந்திருந்தது. கோட்டும் பூட்ஸும் அங்கேயே இருந்தன. கட்டுத் துணி படியில் அவிழ்ந்து கிடந்தது. நானும் டார்சியும் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். மிதியடித் தடத்தின் மேல் வெறுங்கால் தடம். அது முன்னால் போக, அவன் பின்னால் போயிருக்கிறான்.

மரங்கள் தொடங்கும் இடத்தில் பாதையின் ஓரமாகப் பனி கொஞ்சம் நசுங்கியிருந்தது. ஒருவர் விலகி நிற்கிற அளவு இடம்.

அதற்கப்பால் வெறுங்கால்தான் ஆழப் பனியை மிதித்துக்கொண்டு போயிருந்தது. மிதியடித் தடம் அதன் மேல், பின்னால்.

டார்சி மண்டியிட்டு அழுதான். நான் கத்திக்கொண்டே ஓடினேன். காட்டின் நடுவில் காற்று தடத்தை அழித்துவிட்டது. போலீஸும் ஊர்க்காரர்களும் பனிவண்டிகளோடு ஒரு வாரம் தேடினார்கள். ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை.

ரமோனாவை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அவள் சாப்பிடுவதில்லை. இரவெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அவளையாவது முழுசாக வைத்துக்கொள்ள வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

நேற்று பனி பெய்தது. இன்று காலை கதவைத் திறந்தேன்.

என் வாசற்படியிலிருந்து தொடங்கி, ஆழப் பனியைப் பிளந்துகொண்டு, ஒரு வெறுங்கால் தடம் மரங்களை நோக்கிப் போகிறது. வலது காலில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை.

ரமோனா எனக்குப் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"அவர்தான் அண்ணா," என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. "தனியா மிதிச்சிட்டுப் போறார். கால் வலிக்குமே."

கதவை அறைந்து தாழ் போட்டேன். இப்போது அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் எதிரே உட்கார்ந்து, நிதானமாக, பூட்ஸின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

கதவுக்கு வெளியே, படிக்குப் பக்கத்தில், பனி மெல்ல நெரிகிறது. யாரோ பாதையைவிட்டு ஓரமாக விலகி, எங்களுக்கு வழி விட்டு நிற்கிறார்கள்.