மூன்றாவது வெள்ளை உடுப்பு

குஞ்சுகளுக்குப் பசியில்லை.

மற்ற நாட்களில் அத்தை தீனித் தட்டோடு வேலிக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே நான்கும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்து, நீயா நானா என்று ஒன்றையொன்று இடித்துத் தள்ளும். குஞ்சுகள் என்பது பேருக்குத்தான். இடுப்புயரம் வளர்ந்துவிட்ட கொக்குகள், உலகத்தில் விரல் விட்டு எண்ணும்படி மிஞ்சிப்போன ஓர் இனத்தின் பிள்ளைகள். அன்று அந்தியில் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. வயிறு நிறைந்த சோம்பலில் நாணல் படுக்கையில் மடங்கிக் கிடந்தன. அலகுகளில் சேற்றின் ஈரம் இன்னும் காயவில்லை. யாரோ சற்று முன்புதான் ஊட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அங்கே வாய்விட்டுக் கேட்க முடியாது. பண்ணையின் முதல் சட்டமே அதுதான். உள்ளே போகிறவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுப்புக்குள் மறைந்துகொள்ள வேண்டும். முகத்தின் மேல் வலைத்துணி. வலது கையில், முழங்கை வரை மாட்டிக்கொள்ளும் பொம்மைக் கொக்குத் தலை. அந்த அலகால்தான் ஊட்ட வேண்டும். மனித முகம் பார்க்காமல், மனிதக் குரல் கேட்காமல் வளர்ந்த பறவைதான் மனிதனைக் கண்டால் பறந்து போகும், பிழைக்கும். குரலுக்குப் பழகிவிட்டால் தீர்ந்தது, வேட்டைக்காரன் வாசலுக்கு அதுவே நடந்து போய் நிற்கும்.

அத்தை தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பண்ணையில் எல்லோருக்கும் அவள் அத்தைதான் என்றாலும், முறைப்படி அத்தை ஆவது தம்பி மகளுக்கு மட்டும். அந்தப் பெண்தான் அங்கே மருத்துவர். குஞ்சுகளிடம் போவது அவர்கள் இருவர்தான். தைத்து வைத்திருப்பதும் இரண்டு உடுப்புதான்.

"மத்தியானமே நிறையப் போட்டுட்டியா?" என்றாள் அத்தை, முகத்துணியைக் கழற்றிக்கொண்டே.

"நானா? இப்பத்தானே நீங்க போட்டீங்க!" மருத்துவர் மருந்துப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஜன்னல்ல பார்த்தேனே. தரை வரைக்கும் குனிஞ்சு குனிஞ்சு ஊட்டுனீங்க. இடுப்பு பிடிச்சுக்குச்சுன்னு எங்கிட்ட புலம்பறதெல்லாம் நடிப்பா அத்தை?"

"நான் முக்காலியில உக்காந்துதான் ஊட்டுவேன். அதுவும் இன்னைக்கு ஒரு வாய்கூட ஊட்டல."

மருத்துவர் குழாயை மூடினாள். வாசலில் நின்ற காவல்காரர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப அந்த உசரமான அம்மா யாருங்க?"

"எந்த அம்மா?"

"புதுசா வந்திருக்காங்களே. பொழுது சாஞ்சா சதுப்பு பக்கமிருந்து நடந்து வருவாங்க. வணக்கம் வச்சா தலையைக்கூட ஆட்ட மாட்டாங்க. பெரிய படிப்பு படிச்சவங்க போலன்னு விட்டுட்டேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

"உடுப்புல இருக்கறவங்களைப் பத்தி மூச்சு விடக்கூடாதுன்னு நீங்கதானேம்மா காதைத் திருகாத குறையாச் சொன்னீங்க."

அது அவளே போட்ட சட்டம்.

பண்ணை அவள் அப்பா கட்டியது. அப்பாவுக்குப் பிறகு தம்பி கையில் நன்றாகத்தான் நடந்தது, போன வருஷம் வரை. பறக்கவிடுவதற்கு முந்தின ராத்திரி, சதுப்போரத்து வேலிக்குள் விட்டிருந்த அத்தனை கொக்குகளும் காணாமல் போயின. வேலி அறுபடவில்லை, பூட்டு உடையவில்லை, ஓர் இறகு கூடக் கிடைக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? பூட்டு போட்டபடி இருக்கு, பறவை மட்டும் இல்லை என்றால் வித்துத்தானே இருக்கணும் என்றது. 'கொக்கு வித்த வீடு' என்று பெயர் வைத்தது. கடைத்தெருவில் அந்தப் பெயரைக் காதால் கேட்ட நாளிலிருந்து தம்பி தலை நிமிரவில்லை. குனிந்த தலையோடே போய்ச் சேர்ந்தான். அத்தை நிமிர்ந்தே நடந்தாள். எதிரே வருபவர் கண்ணை அவள் பார்க்க, அவர்கள்தான் பார்வையைத் திருப்ப வேண்டியிருந்தது.

இந்த நான்கும் நாளை விடியலில் பறக்க வேண்டும்.

"விளக்கெல்லாம் போட்டு, தகரத்தைத் தட்டி, ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து கத்துவோம் அத்தை. எவளா இருந்தாலும் ஓடிடுவா."

"கத்து. நாலும் கெட்டுப் போகும். அதுக்கு நீயே கழுத்தைத் திருகிப் போட்டுடலாம்."

"அப்புறம் என்ன செய்யறதாம்? கொக்கு தலையில வெண்ணெய் வச்சுப் பிடிக்கப் போறீங்களா?"

"பிடிக்க வேண்டாம். பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்." அத்தை உடுப்பை மறுபடி தலைவழியே மாட்டிக்கொண்டாள். "போன வருஷம் கேட்க ஆளில்ல, கொண்டு போனா. இந்த வருஷம் என்னைத் தாண்டிப் போகட்டும், பார்க்கிறேன். நீ இங்கேயே இரு. நான் கூப்பிட மாட்டேன், நீயும் வராதே."

சதுப்பிலிருந்து பனி எழுந்து வேலிக்குள் நிறைந்திருந்தது. அழுகிய நாணலின் வாடையும், குளிர்ந்த தண்ணீரின் இரும்பு வாடையும், உடுப்புத் துணியில் தன் மூச்சின் வாடையும் ஒன்றாகக் கலந்து அத்தையின் நாசியில் ஏறின. முக்காலியில் உட்கார்ந்தாள். குஞ்சுகள் அவள் காலடியில் வந்து ஒண்டின. இடுப்பில் கட்டியிருந்த சின்ன ஒலிப்பெட்டியிலிருந்து, பதிவுசெய்து வைத்த தாய்க்கொக்கின் குறுகுறுப்பு வந்துகொண்டிருந்தது, பால் பொங்குவதற்கு முந்தின சத்தம்போல, கேட்கும் பிள்ளை கண் மூடும்படி. தூரத்தில் அலுவலகத்தின் ஜன்னல் மங்கலான மஞ்சள் கட்டமாகத் தெரிந்தது, பிறகு பனியில் கரைந்தது. வேலிக்கு அப்பால் தண்ணீர் எதையோ விழுங்குவதுபோல ஒருமுறை ஒலித்து அடங்கியது.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் வெள்ளை உடுப்பு நின்றிருந்தது.

சொல்பேச்சுக் கேட்காத பெண். அப்பனைப் போலவே. அத்தைக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், ஒத்துக்கொள்ள மனமில்லாத ஒரு நிம்மதியும் வந்தது. பொம்மை அலகைத் தூக்கி, உட்கார் என்று சைகை செய்தாள். அவள் உட்காரவில்லை. குஞ்சுகள் ஒவ்வொன்றாக எழுந்து அந்தப் பக்கம் நகர்ந்தன.

நகரட்டும். அவளும் வளர்த்தவள்தானே.

பெட்டியின் மின்கலத்தைக் காலைக்கு மிச்சம் வைக்கலாம் என்று அத்தை அதை அணைத்தாள்.

குறுகுறுப்பு நிற்கவில்லை.

அவளும் தன் பெட்டியைக் கொண்டு வந்திருக்கிறாள் போலும். ஆனால் அந்தச் சத்தம் இடுப்பிலிருந்து வரவில்லை. மேலிருந்து வந்தது. அத்தை அண்ணாந்தாள். தம்பி மகள் இவ்வளவு உயரமில்லை.

காற்று ஒரு கணம் பனியைக் கலைத்தது. தூரத்தில் ஜன்னல். மஞ்சள் வெளிச்சம். அதில் தம்பி மகள், கண்ணாடியில் நெற்றியை ஒட்டி இருட்டைப் பார்த்துக்கொண்டு.

அத்தை காவல்காரர் நின்ற பக்கம் திரும்பினாள்.

ஒரு கூச்சல் போதும். வேலிக்கு அந்தப் பக்கம் காவல்காரர் இருக்கிறார். தடி இருக்கிறது, விளக்கு இருக்கிறது. ஒரே ஒரு கூச்சல். நான்கு குஞ்சுகளும் காதால் கேட்கும். அதோடு முடிந்தது.

அவள் கூவவில்லை.

எழுந்தாள். இரண்டு கைகளையும் சிறகாக விரித்தாள், கூட்டை மிரட்ட வந்ததை எதிர்க்கும் கொக்கு விரிக்கிறதே, அப்படி. குஞ்சுகளுக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றாள். தள்ளு. என்னைத் தள்ளிவிட்டுப் போ, பார்க்கலாம்.

அது தள்ளவில்லை. குனிந்து பார்த்தது. முகம் இருக்க வேண்டிய இடத்திலும் துணிதான் இருந்தது. தையல் இல்லை. துணிக்குப் பின்னால் எதுவும் மூச்சு விடவில்லை.

அதற்குப் பின்னால், பனிக்குள், கால்கள்.

மெல்லிய கால்கள். ஒன்று. பத்து. இன்னும். தண்ணீரைக் கலைக்காமல் நின்றன. போன வருஷம் அத்தை தன் கையாலேயே மாட்டிவிட்ட சிவப்பு வளையங்கள் முழங்காலுக்கு மேலே. ஒரு கொக்குகூடச் சத்தமிடவில்லை. சிறகடிக்கவில்லை. ஈன்றவளுக்குப் பின்னால் நிற்பதுபோல வரிசையாக நின்றன. கண்கள் இருந்த இடங்களில் வெள்ளைத் துணி.

விற்கவில்லை.

அந்த நிலையிலும் அத்தையின் நெஞ்சுக்குள் அதுதான் முதலில் எழுந்தது, பயத்தையும் முந்திக்கொண்டு. நாங்கள் விற்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் விற்கவில்லை.

கைகளை இன்னும் அகல விரித்தாள். முதுகுக்குப் பின்னால் நான்கு இளம் உடம்புகளின் சூடு. அவற்றின் கால்கள் முன்னே வரத் துடித்தன. அவள் நகரவில்லை. இடமும் விடவில்லை, வலமும் விடவில்லை.

அது வெகுநேரம் அவளைப் பார்த்தது. வேலிக்குள் புதிதாக வந்து சேர்ந்த ஒரு குஞ்சைப் பார்ப்பதுபோல.

பிறகு அதன் வலது கை நீண்டது. கொக்குத் தலை. பொம்மை இல்லை. கீழ் இமை மேலேறி, கண்ணை மூடி, திறந்தது.

அலகில் எதுவோ நெளிந்தது.

தரை வரை குனியப் பழகிய அதன் முதுகு மெல்ல வளைந்தது. அலகு அத்தையின் முகத்துணியைத் தொட்டது. வலையை விலக்கியது. உதட்டில் பட்டது. ஈரம். சேற்றின் குளிர்.

குறுகுறுப்பு. தாலாட்டுப்போல. அவளுக்காக.

வேலியோரத்தில் காவல்காரரின் விளக்கு அசைந்தது. "அம்மா?" என்று கிசுகிசுப்பாக ஒரு குரல், அத்தோடு நின்றது. அவருக்கும் சட்டம் தெரியும்.

அத்தை பற்களைக் கடித்துக்கொண்டாள். கைகள் விரிந்தபடி. கழுத்து நிமிர்ந்தபடி.

அலகு உதட்டில் இன்னொரு முறை தட்டியது. அவசரமில்லை அதற்கு. பசியில்லை என்று வாயை மூடிக்கொண்ட குஞ்சை அது இதற்கு முன்பும் வளர்த்திருக்கிறது.