களைக்காத முகம்

கீலுங் துறைமுகத்துக்கு மேலே, மீன் உருண்டை சூப் விற்கும் கடையின் மாடியில் இருந்தது சூ-யுன்னின் மனநல ஆலோசனை அறை. நுரையீரல் காய்ச்சலில் ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, அன்று மதியம்தான் அவள் அங்கே திரும்பி வந்தாள். மழை வழக்கம்போல் நசநசத்துக்கொண்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் மனசைத் தேத்துறவளுக்குத் தன் உடம்பைப் பாத்துக்கத் தெரியலையே," என்று கடைக்கார ஆ-லான் கேலி பேசிக்கொண்டே ஒரு கிண்ணம் சூப்பை நீட்டினாள். சூ-யுன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். சிரித்து வைத்துவிட்டு, படிக்கட்டில் நின்று நின்று ஏறினாள்.

அறைக்குள் பூஞ்சை வாடை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். இருபது வருஷமாக அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் துக்கத்தைக் கேட்டுக் கேட்டு, எலும்பு வரை ஊறிப்போன அலுப்பு அவளுக்கு. ஒரு மாதம் படுத்துத் தூங்கியும் அது போகவில்லை.

நேரில் உட்கார்ந்து பேசினாலும் கணினித் திரை வழியாகப் பேசினாலும் பலன் ஒன்றுதான் என்று கருத்தரங்குகளில் சொல்வார்கள். சூ-யுன் அதை நம்பியதில்லை. எதிரே ஆள் இருக்க வேண்டும், மூச்சு எங்கே தடைபடுகிறது, விரல் எப்போது நடுங்குகிறது என்று தெரிய வேண்டும் என்பாள். அந்தப் பிடிவாதத்தை ஆட்டிப் பார்த்தவள் மெங்-ஃபென். சுங்க அலுவலகத்தில் வேலை. மகனைக் கடல் கொண்டுபோயிருந்தது. இதே அறைக்கு ஒரு வருஷம் வந்து, தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். திரைக்கு மாறிய பிறகுதான் வாய் திறந்தாள். வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்துகொள்ளலாம். பிடிக்காவிட்டால் ஒரு விரலால் அணைத்துவிடலாம். அந்தத் தைரியம்.

அன்று முதல் வேலையாக சூ-யுன் அவளைத்தான் போனில் கூப்பிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் இத்தனை வாரம் காணாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "என்ன டீச்சர், போன வாரம்கூடப் பேசினோமே." ஆலோசனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மருந்து மயக்கம் தனக்குத்தான் தெளியவில்லையோ என்று சூ-யுன் நினைத்தாள். பக்குவமாக விசாரித்தாள். மெங்-ஃபென் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். வாரம் தவறாமல் அதே நேரத்துக்குத் திரையில் டீச்சரின் முகம் வந்திருக்கிறது. பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். மழைச் சத்தம் மட்டும் விடாமல் கேட்குமாம். முன்பெல்லாம் டீச்சர் கொட்டாவியை விழுங்குவது தெரியும். திருட்டுத்தனமாகக் கடிகாரத்தைப் பார்ப்பதும் தெரியும். இப்போது கண்கூடக் கொட்டுவதில்லை. அதனால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

"எதைச் சொன்னே?"

"அவன் கையை நான்தான் விட்டேன்னு."

சூ-யுன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் எத்தனை காலம் காத்திருந்தாள். அதைக் கேட்டது யார்? அந்த வாரங்களில் அவள் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு கிடந்தாள். பேச்சே வரவில்லை.

"திரையில பேசினது போதும், இனிமே என் புது இடத்துக்கு நேர்ல வான்னு நீங்கதானே சொன்னீங்க. இதோ, மேட்டுல ஏறிட்டேன்."

"எந்த மேடு?"

மீன் கம்பெனியின் பழைய தொழிலாளர் விடுதி என்றாள் மெங்-ஃபென். மண் சரிந்து பாதிக் கட்டடம் போய், ஆள் நடமாட்டமே இல்லாமல் கிடக்கும் இடம் அது.

"ஃபென், உள்ள போகாதே. நான் என் அறையில இருக்கேன்."

போனில் மழைச் சத்தம் பெருத்தது.

"விளையாடாதீங்க டீச்சர். வாசல்ல நிக்கிறீங்களே."

இணைப்பு அறுந்தது.

டாக்சிக்காரர் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. மேட்டின் அடியில் இறங்கி, புல் மூடிய படிகளில் கையூன்றி ஏறினாள். கடல் வெகு கீழே இருந்தது. ஆனால் விடுதிக்குள் நுழைந்ததும் உப்புநீரின் வாடை முகத்தில் அடித்தது. சுவர்களில் ஈரம் வழிந்தது.

கடைசி அறைக்குப் பின்சுவர் இல்லை. தரை பாதியில் முறிந்து, அதற்கப்பால் பள்ளம். அந்த விளிம்பில் மெங்-ஃபென் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெற்று வெளியைப் பார்த்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

வெற்று வெளி பதில் சொன்னது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வா."

சூ-யுன்னின் குரல்தான். அலுப்பே இல்லாத அவள் குரல்.

மெங்-ஃபென் முன்னால் நகர்ந்தாள்.

கத்த வாயெடுத்த சூ-யுன்னுக்கு இருமல்தான் வந்தது. கால் மடங்கி, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு மெங்-ஃபென் திரும்பினாள். இவளைப் பார்த்தாள். பிறகு எதிரே பார்த்தாள். மறுபடி இவளைப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

இப்படிப்பட்ட நேரத்தில் சொல்ல வேண்டியவை என்று படித்ததெல்லாம் சூ-யுன்னுக்கு நினைவு வந்தது. ஒன்றுகூட நாக்கில் நிற்கவில்லை.

"எனக்கு முடியல ஃபென்," என்றாள். "உன் பக்கத்துல வரக்கூடத் தெம்பில்ல. நீதான் வரணும்."

"அவங்க களைக்கவே மாட்டாங்க."

"தெரியும். நான் களைச்சிடுவேன்."

மழை. எங்கோ தகரம் ஆடும் சத்தம். மெங்-ஃபென் நீண்ட நேரம் அவள் முகத்தையே பார்த்தாள்: குழிந்த கண்களை, வெடித்த உதடுகளை, மூச்சுக்குத் தவிக்கும் நெஞ்சை. பிறகு மெல்லத் தவழ்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"கை சுடுதே டீச்சர். காய்ச்சல் இன்னும் விடலையா?"

சொல்லும்போதே உடைந்தாள். மகன் போனதிலிருந்து வராத அழுகை அன்றுதான் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு படியிறங்கினார்கள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் பாதி வழி வரை கேட்டது. யாரும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு சூ-யுன் திரையில் யாரையும் பார்ப்பதில்லை. பழைய இணைப்புகளையெல்லாம் அழித்தாள். குறைவான பேரை, நேரில் மட்டும் பார்த்தாள். மெங்-ஃபென் வாரா வாரம் வந்தாள். பேசினாள், அழுதாள், சில நாள் ஆ-லானின் சூப்பைக் குடித்துவிட்டுப் போனாள். கோடை வந்தபோது சூ-யுன்னுக்கு ஒழுங்காகத் தூக்கம்கூட வர ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் காலை அறையைத் திறக்க வந்தவள், மாடிப்படியில் ஒரு இளைஞன் இறங்கி வருவதைப் பார்த்தாள். முன்பின் பார்த்திராத முகம். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவளைக் கண்டதும் திடுக்கிட்டு நின்று, மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலை தாழ்த்தினான்.

"ரொம்ப நன்றி டீச்சர். நேர்ல வந்தது நல்லதாப் போச்சு. திரையில இப்படி அழுதிருக்க முடியாது."

அவள் வாய் திறப்பதற்குள் தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

மேலே கதவு பூட்டியே இருந்தது. சாவி அவள் கையில் இருந்தது. கதவின் அடியிலிருந்து உப்புநீர் மெல்லக் கசிந்து அவள் செருப்பை நனைத்தது.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம்.

"அடுத்தவங்க வரலாம்," என்றது அவள் குரல்.