மேசைக்கு அடியிலிருந்து இரண்டு தட்டு

நிடியா கேமராவின் பொத்தானில் விரல் வைத்திருந்தபோது மேசைக்கு அடியிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. கையை எடுத்தாச்சு, படம் எடுக்கலாம் என்று அதற்கு அர்த்தம். பழக்கம் லேசில் விடுமா, விரல் தானாக அழுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் மேசைக்கு அடியில் ஆளே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அங்கே உட்கார்ந்து தட்டுபவன் எலியோடோரோ. அவனைப் புதைத்து, ஒன்பது நாள் செபமாலையும் சொல்லி முடித்தாகிவிட்டது.

வெளியே குவாதலஹாரா நகரத்தின் மதிய வெயிலில் கேஸ் வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். உள்ளே, கறுப்புத் திரைகளுக்கு நடுவே, பகலும் இல்லை இரவும் இல்லை. விளக்குச் சூட்டில் பெயின்ட் கருகும் வாடையும் பசை வாடையும் எப்போதும் இருப்பவைதான். அவற்றுக்குக் கீழே, எலியோடோரோ தினமும் வாங்கிக் குடிக்கும் தெஹுயீனோவின் புளித்த சோள வாடை இன்று லேசாக ஏறி வந்தது. அவனுடைய தம்ளரை அவளே கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

எலிதான் தட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மேசை மேல் ஒரு ஊர்ச் சதுக்கம். சந்தையில் மொத்தமாக வாங்கிய பிளாஸ்டிக் மல்யுத்த வீரர்களுக்குக் காகிதச் சட்டை மாட்டி, கையை மட்டும் வெட்டிக் கம்பிக் கை பொருத்தி, ஊர்க்கூட்டமாக்கியிருந்தார்கள். ஒவ்வொருவனையும் துளி நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம்; வரிசையாக ஓட்டினால் கூட்டம் கை தட்டும். ஓரத்து ஆட்கள் நிடியாவின் பொறுப்பு. நடுவில் நிற்பவர்கள் கைக்கு எட்ட மாட்டார்கள் என்பதால் பலகையில் ஒரு சின்னக் கதவு வைத்திருந்தார்கள். எலியோடோரோ அடியில் உட்கார்ந்திருப்பான். கதவைத் தூக்கித் தலையை நீட்டி, தன் ஆட்களை நகர்த்தி, மூடிவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவான். காட்சி முடியும்வரை அவன் வெளியே வரக் கூடாது. வந்தால் மேசை அசையும், அசைந்தால் அத்தனை நாள் உழைப்பும் பாழ்.

அவன் செத்த அன்று தலையை நீட்டியபோது முகமெல்லாம் வியர்வை.

"நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு, மொதலாளியம்மா. வெளிய வந்துடட்டுமா?"

"இன்னும் கொஞ்சந்தான்யா. மேசையை ஆட்டிடாத."

"உங்க ராஜ்ஜியத்துல செத்தாக்கூட அசையாமத்தான் சாகணும்போல" என்று சிரித்துவிட்டுக் கதவை மூடினான். அதன் பிறகு கேட்டது இரண்டு தட்டு இல்லை. தாறுமாறாக, நிறைய. விளையாடுகிறான் என்று நினைத்து, "சரி சரி, கேட்டுச்சு" என்று அழுத்தினாள். அப்புறம் கதவு திறக்கவே இல்லை. கோபித்துக்கொண்டான் என்று எண்ணி, நடுவை அப்படியே விட்டுத் தன் வரிசைகளை மட்டும் நகர்த்திக் காட்சியை முடித்தாள். பிறகுதான் மேசையைச் சுற்றியிருந்த கறுப்புத் துணியைத் தூக்கினாள்.

அவன் மனைவி ஹசிந்தாவிடமோ, "ஒரு சத்தம்கூட வரலக்கா, தூங்குற மாதிரிப் போயிட்டாரு" என்று சொல்லியிருந்தாள்.

அந்த ஹசிந்தாதான் இப்போது திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தூக்குப் பாத்திரம்.

"பிர்ரியா செஞ்சேன். ஆட்டுக்கறி அவருக்குப் பிடிச்ச பதத்துல இருக்கு. கடைசி வரைக்கும் கூட இருந்தவ நீதானே, சாப்பிடு."

நிடியாவால் அந்தப் பாத்திரத்தை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

"அவரு கடைசியா செஞ்சத ஒருதடவ பாத்துக்கிறேன் தங்கச்சி."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கணினித் திரையில் காட்சியை ஓட்டினாள். கூட்டம் கை தட்டியது. ஹசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இதோ, நடு உறைந்து நிற்கப் போகிறது, ஏன் என்று கேட்கப் போகிறாள் என்று நிடியா காத்திருந்தாள்.

நடு உறையவில்லை.

நடுவில் நின்ற ஆட்கள் கை தட்டுவதை நிறுத்தினார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கதவைச் சுற்றி மண்டியிட்டார்கள். மடங்க வழியே இல்லாத கெட்டிப் பிளாஸ்டிக் முழங்கால்கள் மடங்கின. கம்பிக் கைகள் பலகையை அடித்தன. தாறுமாறாக. நிறைய.

படத்தில் ஒலி கிடையாது. சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால், மேசையிலிருந்து.

ஹசிந்தா மெல்லத் திரும்பினாள். "ஒரு சத்தமும் வரலன்னு சொன்னியே."

நிடியா பின்வாங்கிக் கேமராவைப் பிடித்துக்கொண்டாள்.

ஹசிந்தா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நிடியா அன்று செய்திருக்க வேண்டியதை அவள் செய்தாள். குனிந்து, துணியைத் தூக்கி, "இதோ வந்துட்டேன்" என்று சொல்லியபடி உள்ளே தவழ்ந்து போனாள். துணி விழுந்து மூடிக்கொண்டது.

சத்தம் நின்றது.

மேசை மேல் கதவு மூடியிருந்தது. பொம்மைகள் எல்லாம் நின்றபடி. நேராக. ஒன்றும் மண்டியிடவில்லை.

"இங்க யாரும் இல்லையே, நிடியா" என்றது அடியிலிருந்து ஹசிந்தாவின் குரல். "அப்ப தட்டினது யாரு?"

புளித்த சோள வாடை.

டொக். டொக்.

வேண்டாம் என்று நினைத்தாள். விரல் அழுத்திவிட்டது.

கணினித் திரையில் புதிய படம் வந்தது. மேசை மேல் மூடியிருந்த கதவு படத்தில் திறந்திருந்தது. கூட்டம் மொத்தமும் விலகி வழிவிட்டிருந்தது. நடுவில் எலியோடோரோவின் தலை. முகமெல்லாம் வியர்வை. கண்கள் நேராக அவளைப் பார்த்தபடி, வெளியே வரட்டுமா என்று கேட்பதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.