ஆளில்லாத வயல்

படம் முழுக்கக் காய்ந்துவிட்டது, அந்த ஓர் இடத்தைத் தவிர. வைகாசி வெயிலில் ஆனையூர் மொட்டைமாடிகளில் வடகம் ஒரே பகலில் கல்லாகிவிடுகிறது. எண்ணெய் வண்ணம் கொஞ்சம் பிடிவாதக்காரன்தான், என்றாலும் மூன்று வாரம் அதற்கு அதிகம். வானம் காய்ந்திருந்தது, தூரத்து மலை காய்ந்திருந்தது, வரப்பும் பனையும் காய்ந்திருந்தன. வயலின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. மருது விரலை வைத்துப் பார்த்தான். அந்த இடம் இளஞ்சூடாக இருந்தது.

மதுரையைச் சுற்றிய வயல்களை வரைகிறவன் என்று அவனுக்கு நாலு ஊரில் பெயர் உண்டு. ஓட்டல் வரவேற்பறைகளிலும் பெரிய ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் அவன் படங்கள் தொங்குகின்றன. எதிலும் ஆள் இருக்காது. நாற்று தானே எழுந்து வந்து நட்டுக்கொண்டது போலவும், களை தானே வெட்கப்பட்டு வெளியேறியது போலவும் இருக்கும் அந்த வயல்கள். அதை நிசப்தம் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அவனும் ஒத்துக்கொண்டான்.

இந்தப் படத்தில் மட்டும் ஆள் இருந்தாள். அவன் அம்மா செல்லக்கிளி. கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் குனிந்து நட்டே மகனை ஓவியக் கல்லூரிவரை படிக்க வைத்தவள், இப்போது அவனோடு இந்த வீட்டில் இருக்கிறாள். ஒருநாள் அவன் கை தன்போக்கில் அவளை வரைந்துவிட்டது. தூக்கிச் செருகிய சிவப்புச் சேலை, நிமிராத முதுகு, பக்கவாட்டில் திரும்பிய முகம். தான் வரைந்ததிலேயே உயிருள்ளது அதுதான் என்று அவனுக்கே தெரியும்.

கேலரி நடத்தும் சரண்யாதேவி சென்னையிலிருந்து வந்து பார்த்தாள். "சூப்பரா இருக்கு சார். ஆனா இந்த லேடி வேண்டாமே. உங்க வயல்னாலே காலியா இருக்கணும், அதுதான அழகு" என்றாள். அந்த நேரம் பார்த்து அம்மா காபி கொண்டுவந்தாள். "வேலைக்கு இருக்காங்களா?" என்று சரண்யாதேவி சாதாரணமாகக் கேட்டாள்.

"ஆமா" என்றான் மருது.

யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு வழுவழுப்பாக வந்தது அந்தச் சொல். அம்மா டம்ளரை வைத்துவிட்டு, நடை மாறாமல் உள்ளே போனாள். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. ராத்திரி சோறு போடும்போது, "கொழம்புல உப்பு கூடிருச்சாய்யா?" என்று மட்டும் கேட்டாள். நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு. சாகவில்லை. மறுநாள் காலையில் பச்சையைக் குழைத்து அவளை மூடினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் மறைந்துவிட்டது.

இன்று மாலை சரண்யாதேவி மறுபடி வருகிறாள். படம் அவளுக்குச் சரிப்பட்டால் டெல்லியில் கண்காட்சி. அவன் படங்கள் மட்டுமே இருக்கும் முதல் கண்காட்சி. இருபது வருடமாக அவன் காத்திருந்தது அதற்குத்தான். இப்போது பார்த்து அந்த ஈரப் பச்சையின் அடியிலிருந்து, வேட்டியில் பட்ட வெற்றிலைச் சாறு மாதிரி, சேலைச் சிவப்பு மெல்ல ஊறி மேலே வந்துகொண்டிருந்தது; அதோடு அம்மாவின் முதுகும் முகமும்.

சமையலறையில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கரகரவென்ற அந்தச் சத்தம், வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடி, சன்னல் கம்பிகள் தரையில் போட்ட நீள நிழல், இவற்றுக்கு நடுவே வேறொரு வாசம் வீட்டுக்குள் கசிந்து வந்தது. உழுது நீர் கட்டிய சேறு. பிடுங்கிய நாற்றின் வேர். வைகாசியில் ஏது நடவு? ஊரெல்லாம் புழுதி.

"ஏய்யா, நடவு வயலு வாசம் அடிக்குதே. ஒனக்கு அடிக்குதா?" என்று உள்ளிருந்து அம்மா கேட்டாள்.

"ஆயில் வாசம்மா அது."

"கண்ணு வேற மூணு வாரமாப் பச்சையா மங்குதுய்யா. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"இன்னைக்கு ஆளு வாராகம்மா. நாளைக்குப் போவோம்."

அவன் தூரிகையை எடுத்தான். சேலையின் மேல் பச்சையை இழுத்தான். துருவும் சத்தம் நின்றது. தூரிகையை படத்திலிருந்து விலக்கினான். சத்தம் தொடர்ந்தது. தற்செயலாக இருக்கும் என்று இடுப்பை மூடினான். "யாத்தே, இடுப்பு..." என்றாள் அம்மா.

மருது ஓரடி பின்வாங்கிப் பார்த்தான். படத்தில் முதுகும் சேலையும் மறைந்துவிட்டன. முகம் மட்டும் மிச்சம். கன்னமும் ஒரு கண்ணும் பச்சைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. தெருமுனையில் கார் திரும்பும் சத்தம் கேட்டது. துணியால் துடைத்தால் அம்மா பிழைப்பாள், படம் போகும். டெல்லி போகும். அந்தப் பெண் யார் என்று கேட்பார்கள். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பார்கள்.

"சும்மா பிரமை" என்று சொல்லிக்கொண்டான். பொய் என்று தெரிந்தே சொன்னான். வண்ணம் குழைக்கும் கத்தி நிறையப் பச்சையை அள்ளி, அந்த முகத்தின் மேல் தடிமனாகப் பூசினான்.

சமையலறையில் தட்டு விழுந்தது.

ஓடினான். அம்மா மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகு தெரிந்தது.

"அம்மா."

திரும்பினாள்.

நெற்றியிலிருந்து தாடைவரை பச்சை. கண் இல்லை. வாய் இல்லை. இடமிருந்து வலமாக, முடிவில் சற்றே மேலே தூக்கிய கத்தித் தடங்கள். அவனுடைய கை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. குழிந்தது.

டர்பன்டைனும் துணியும். அவள் முகத்தைத் துடைத்தான். பச்சை வந்தது. கீழே இன்னொரு பச்சை. "மன்னிச்சிரும்மா. மன்னிச்சிரும்மா." அழுத்தித் தேய்த்தான். பச்சை எல்லாம் வந்துவிட்டது.

கீழே முகம் இல்லை. வெள்ளைத் துணி. காதுக்குக் காது இழுத்துக் கட்டிய, இழை தெரிகிற, இன்னும் எதுவும் வரையாத கேன்வாஸ் துணி.

அவள் விழவில்லை. கை மட்டும் காற்றில் துழாவி, அவன் கன்னத்தைக் கண்டுபிடித்து, அழாதே என்பது போல் தட்டிக்கொடுத்தது.

வாசலில் மணி அடித்தது.

அந்த வெள்ளை, சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். சுவரைத் தடவித் தடவிப் பின்னறைக்குப் போனாள். யாரும் சொல்லவில்லை. அவளாகவே போனாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

"சார், வரலாமா?"

மருது துடைத்த துணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "வாங்க மேடம், வாங்க" என்றான். குரல் நன்றாகவே வந்தது. அதற்காகவும் கூசினான்.

சரண்யாதேவி படத்தின் முன்னால் நின்றாள். பெருமூச்சு விட்டாள். "இதுதான் சார். ஒரு ஆள் இல்ல பாருங்க."

முதுகுக்குப் பின்னால், பொத்திய கைக்குள், துணியின் மடிப்பில், இமைமயிர் அவன் உள்ளங்கையை உரசியது. மூடியது. திறந்தது. மூடியது.