வண்டியில இருக்கேன்

வண்டியின் அந்தப் பக்கத்துக் கதவு சாத்தப்பட்டது தான் ஏறுவதற்கு முன்பா, ஏறி உட்கார்ந்த பிறகா என்பது இளையவளுக்குச் சரியாக நினைவில்லை. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வருகிறது. சில சமயம் கதவுச் சத்தமே இருப்பதில்லை, மழை மட்டும்தான். சில சமயம் சத்தத்தோடு ஒரு நிழலும் சேர்ந்துகொள்கிறது, குனிந்தபடி வண்டியின் பின்பக்கமாகப் போகும் நிழல். யோசிக்க நேரம் நிறையக் கிடைத்தால் நினைவு இப்படித்தான் கால் முளைத்து நடக்க ஆரம்பித்துவிடும். ஆனால் இருக்கை சூடாக இருந்தது என்பதில் மட்டும் அவளுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

அவள் வெளிநாடு வந்தது அதுதான் முதல் தடவை. ஊரில் கண் மருத்துவமனை ஒன்றில் வேலை. வருகிறவர்களை இருட்டறையில் உட்காரவைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டு எழுதிக் கொடுப்பாள். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். அக்கா வேலைக்கென்று கடல் கடந்து போனவள், போனவள்தான். அப்பா இறந்தபோதுகூட வரவில்லை. ஆனால் போன் மட்டும் தவறாது. எப்போது கூப்பிட்டாலும் பின்னால் சாலை இரைச்சல் கேட்கும், மழைத்தண்ணீரில் சக்கரம் ஓடும் சத்தம் கேட்கும். "வண்டியில இருக்கேன்மா, வீட்டுக்குப் போயிட்டுக் கூப்பிடறேன்" என்பாள். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டதே இல்லை. முகம் காட்டச் சொன்னால் சிக்னல் போதாது என்பாள்.

அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "அவளுக்கு வண்டியிலதான் குடித்தனம். அடுப்பையும் அங்கேயே வெச்சிருப்பா."

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. இளையவள் தன் மருத்துவமனையிலேயே அறுவைக்கு ஏற்பாடு செய்தாள். அம்மா மறுத்துவிட்டாள். பெரியவள் வரட்டும், கட்டை அவிழ்த்ததும் அவள் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றாள். "உன் மூஞ்சியைத்தான் தினமும் பார்க்கறேனே" என்று வேறு சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். இளையவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய், வேலை எதுவும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்போதுதான் அக்கா டிக்கெட் எடுத்து அனுப்பினாள், போகவும் வரவும். என்னால் தனியாக வர முடியவில்லை, நீ வந்து கூட்டிக்கொண்டு போ என்றாள். அம்மா கண் பார்க்க வேண்டுமானால் அக்காவைக் கையோடு கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் இளையவள் கிளம்பினாள்.

வண்டியையும் அக்காவே ஏற்பாடு செய்தாள். உன் போனில் அந்த ஊர் செயலி எல்லாம் வேலை செய்யாது, என் கணக்கிலிருந்தே போட்டுவிடுகிறேன் என்றாள். தனியாகப் போகிற பெண் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அக்கா கல்லூரிக் காலத்திலேயே சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. வண்டி எண்ணைப் பார், பெயரை நீயாகச் சொல்லாதே, அவன் வாயிலிருந்து வரட்டும், அதுவரை கதவைத் தொடாதே. இளையவள் அதை மந்திரம் மாதிரி வைத்திருந்தாள். இந்த முறை அக்கா அதில் ஒரு சின்னத் திருத்தம் சொன்னாள்.

"டிரைவர் என் பேரைத்தான் கேட்பான். ஆமா, நான்தான்னு சொல்லிடு. அக்கா, தங்கச்சின்னு கதை சொல்லிட்டு நிக்காத. வண்டி போயிடும்."

விமான நிலைய வாசலில் தூறல். மாலை வெளிச்சம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. பெட்டியை உருட்டி வந்தாள். போனை நனையாமல் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்ததால் கைப்பையையும் பெட்டியின் பிடியிலேயே மாட்டியிருந்தாள். பாஸ்போர்ட்டும் திரும்பிப் போகும் டிக்கெட்டும் அதில்தான். வண்டி வந்து நின்றது. எண் சரியாக இருந்தது. பின்னால் டிக்கி தானாகத் திறந்துகொண்டது. கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு குரல் அக்காவின் பெயரை, வீட்டில் வைத்த முழுப்பெயரை, ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிக் கேட்டது.

"ஆமா. நான்தான்" என்றாள்.

"ஏறுங்க. பெட்டி தானா வந்துடும்."

ஏறினாள். பின்னால் டிக்கி சாத்தப்பட்டது. வண்டி நகர்ந்த பிறகுதான், ஓட்டுநர் தமிழில் பேசியதே அவளுக்கு உறைத்தது. பரவாயில்லை, நம்ம ஆள் போலிருக்கிறது என்று அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

இருக்கை சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போன சூடு. நெடுநேரம், பல நாள் உட்கார்ந்து எழுந்தாற்போல் மெத்தையில் ஆழமான பள்ளம். அவள் அதில் கச்சிதமாகப் பொருந்தினாள். சீட் பெல்ட்டை இழுத்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கவில்லை. உள்ளே தலைவலித் தைலத்தின் வாசனை, ஈரத் துணியின் வாசனை, அதற்கும் அடியில் பூட்டிக் கிடந்த அறையின் வாசனை. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே தலைவலி. நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் பரீட்சைக்குப் படிப்பாள். வாசனையை முகர்ந்ததும் இளையவளுக்கு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது. வைப்பர் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்தது, நின்றது, யோசித்ததுபோல் மறுபடி துடைத்தது.

போன் செய்தாள். முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள்.

"ஏறிட்டியா சின்னு?"

"ஏறிட்டேன்க்கா."

"பேரைக் கேட்டானா?"

"கேட்டார். நான்தான்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது, மாடிப்படி ஏறி வந்தவளின் மூச்சு மாதிரி. "நல்ல பொண்ணு" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

போனை மடியில் வைத்த பிறகுதான் இளையவளுக்குத் தோன்றியது, அக்காவின் பின்னால் சாலை இரைச்சல் கேட்கவேயில்லை. இத்தனை வருடங்களில் முதல் தடவையாக.

ஊர் முடிந்து, உயரமான விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கும் அகலச் சாலை வந்தது. இருபுறமும் கிடங்குகள், கம்பி வேலிகள், மறுபடி கிடங்குகள். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். கொஞ்ச தூரம்தான் என்றார் ஓட்டுநர். வேலியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பை சிக்கிக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்து வேறொரு வேலி, வேறொரு நீலப் பை. பிறகு இன்னொன்று. மாலை வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்நேரம் இருட்டியிருக்க வேண்டும்.

கைவிரல் தானாக ஜன்னல் ஓரத்தைத் தடவியது. கண்ணாடிக்கு அடியில் ஓடும் ரப்பர் பட்டை பாதிக்கு மேல் இல்லை. யாரோ நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்திருந்தார்கள். கிள்ளியதைக் கீழே போடவில்லை. மிளகு அளவுக்கு உருட்டி, கதவின் விளிம்பில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள்.

அவளுக்கு அந்த வரிசையைத் தெரியும். அப்பாவின் ஸ்கூட்டர் சீட்டை அக்கா இப்படித்தான் கிள்ளிக் கிள்ளி ஓட்டை போட்டாள், உள்ளிருந்த பஞ்சை உருட்டி உருட்டி வாசல் திண்டின் மேல் அடுக்கினாள். அப்பா பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்து யார் என்று கேட்டபோது, அக்கா ஒரு நொடிகூட யோசிக்காமல் தங்கையைக் கைகாட்டினாள். அடி வாங்கியது இவள். ராத்திரி அக்கா வந்து முதுகில் தைலம் தடவிவிட்டாள். உனக்கு வலி தாங்கும்டி, எனக்குத் தாங்காது என்றாள். அது பின்னாளில் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதையாகிவிட்டது. இவளும்தான் சிரித்தாள்.

வண்டியை நிறுத்துங்க என்றாள். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. மறுபடி சொன்னாள்.

ஓட்டுநர் முன்னால் மாட்டிய சின்னக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். சாந்தமான முகம். அந்த நேரத்தில் எதிரே வந்த வண்டியின் விளக்கு அவர் முகத்தில் நேராக அடித்தது. இளையவள் பழக்கத்தில் அவர் கண்ணைப் பார்த்தாள். வெளிச்சம் பட்டால் நடுவிலிருக்கும் கறுப்பு வட்டம் சுருங்க வேண்டும். மயக்கத்தில் கிடப்பவனுக்கும் சுருங்கும். சுருங்காத கண்களை அவள் பார்த்திருக்கிறாள். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கண்களை எடுக்கப் போகும்போது.

இவருக்குச் சுருங்கவில்லை.

இன்னொரு வண்டி. இன்னொரு வெளிச்சம். சுருங்கவில்லை.

கதவைத் திறக்கப் பார்த்தாள். பிடி அசைந்தது. கதவு அசையவில்லை. கைப்பையைத் தேடினாள். பெட்டியோடு டிக்கியில் இருக்கிறது என்று நினைத்தாள். பிறகு, ஓட்டுநர் கீழே இறங்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பெட்டியைத் தூக்கி வைத்தது யார்? பின்பக்கம் திரும்பி எம்பிப் பார்த்தாள். இருக்கைக்குப் பின்னால் டிக்கி வெறும் இடமாகத் தெரிந்தது. பெட்டி இல்லை. ஈரம் மட்டும் இருந்தது.

பக்கத்து வரிசையில் ஒரு வண்டி இணையாக வந்தது. அதே நிறம். பின்னிருக்கையில் ஒரு நடுத்தர வயது ஆள், காதில் போன். அவர் உதடு அசைவதை அவளால் படிக்க முடிந்தது. அந்த வாக்கியம் அவளுக்குப் பழக்கமானதுதான். அதற்கு அப்பால் இன்னொரு வண்டி. ஒரு பெண், காதில் போன். அதற்கு முன்னால் இன்னொன்று. சாலை நிறைய வண்டிகள். ஒவ்வொரு பின்னிருக்கையிலும் ஒரே ஒரு ஆள். எல்லோரும் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவளைப் பார்த்த நடுத்தர வயதுக்காரர் கையை மெதுவாகத் தூக்கினார். விடைகொடுக்கிற மாதிரி இல்லை. வரவேற்கிற மாதிரி.

போன் அடித்தது. அக்கா.

"அக்கா, வண்டி எங்கேயோ போகுது. எனக்குப் பயமா இருக்கு. நீ எங்க இருக்க?"

அக்காவின் பின்னால் மணி ஒலித்தது, மூன்று சுரம் ஏறி இறங்கும் அந்த மணி. ஒரு பெண் குரல் ஏதோ விமானத்தை அறிவித்தது. இதே மணியை, இதே குரலை இளையவள் விமான நிலையத்தில் இறங்கும்போது கேட்டிருந்தாள். கூடவே இன்னொரு சத்தம். பளிங்குத் தரையில் பெட்டி உருளும் சத்தம். இவள் பெட்டியின் ஒரு சக்கரம் தேய்ந்தது. கீச், கீச் என்று கத்தும்.

கீச். கீச்.

"இறங்கிட்டேன்டி சின்னு" என்றாள் அக்கா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நடக்கறேன். கால் எல்லாம் மரத்துப் போச்சு. ஆனா நடக்கறேன்."

"அக்கா."

"வேற யாரைக் கூப்பிட்டாலும் வரலடி. நீதான் வர்றேன்னு சொன்ன."

"அக்கா, அம்மாகிட்ட நான்..."

"அம்மாவை நான் பார்த்துக்கறேன். யாராவது வர்ற வரைக்கும்தான். டிரைவர் பேரைக் கேட்டா வர்றவங்க ஆமான்னு சொல்லணும், அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "உனக்குத் தாங்கும்."

பெட்டிச் சத்தம் தூரமாகப் போனது. நின்றது.

அதன்பின் ஓட்டுநர் ஒரே ஒரு முறைதான் பேசினார். வேறு யாராவது வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விமான நிலையத்துக்கு வண்டியைத் திருப்ப வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அக்கா ஊர் போய்ச் சேர்ந்தாள். முகச்சாடை இருவருக்கும் ஒன்று, இளையவளின் பாஸ்போர்ட்டை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அறுவை முடிந்தது. கட்டை அவிழ்த்ததும் பெரியவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். கண் மருத்துவமனையில் இருட்டறைக்குப் புதிதாக ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு இப்போது தலைவலி வருவதில்லையாம். வெளியே எங்கே போனாலும் நடந்தே போகிறாளாம், எவ்வளவு தூரமானாலும்.

இதையெல்லாம் அம்மாதான் போனில் சொன்னாள். இளையவளின் போனில் சார்ஜ் குறைவதே இல்லை. ஒருமுறை, அக்கா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா குறுக்கே எதுவும் கேட்கவில்லை. முழுதும் கேட்டு முடித்தாள்.

"அவ எனக்குச் சொன்னாடி" என்றாள் பிறகு. "உனக்கு டிக்கெட் அனுப்பறதுக்கு முன்னாடியே."

மழை விழுந்துகொண்டிருந்தது. வேலியில் நீலப் பை அடித்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போயிட்டுக் கூப்பிடறேன்மா" என்றாள் இளையவள். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மா சரி என்றாள்.

ரப்பர் பட்டை இந்தப் பக்கம் தீர்ந்துவிட்டது. அந்தப் பக்க ஜன்னலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எதிரே வண்டி வரும்போதெல்லாம் அவள் முன்னாலிருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்க்கிறாள். விளக்கு நேராக அடிக்கிறது. ஆரம்பத்தில் நன்றாகச் சுருங்கியது. பிறகு மெதுவாகச் சுருங்கியது.

இப்போது இன்னொரு வண்டி வருகிறது. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.