மாப்பிள்ளை வரவில்லை

பெயிண்ட் பட்டறைக்குள் நுழைந்ததும் மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தின்னர் வாடை அவளுக்குப் பழக்கம்தான். இது வேறு. சன்னல் திறக்காத அறையில் நோயாளியின் மூச்சு ஊறிப்போன வாடை.

"மாப்பிள்ளை சரியா வரல," என்றார் மேஸ்திரி.

பெயிண்டை இறுகவைக்கும் ஹார்டனருக்கு அங்கே அதுதான் பெயர். இரண்டையும் அளந்து கலக்கும் இயந்திரம் காலையிலிருந்து அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம் அடித்த தகடுகள் எதுவும் காயவில்லை. தொட்டால் விரலோடு நூலாக நீண்டது.

"வந்தா முறுக்கிக்குவாரு, வராட்டி மானம் போகும். மாப்பிள்ளைன்னா சும்மாவாக்கா?" ஸ்ப்ரே கூண்டுக்குள்ளிருந்து அவள் தம்பி சிரித்தான்.

அங்கே முன்பு பெயிண்ட் அடித்த சளியண்ணன் செத்தபிறகு அந்த வேலைக்கு வந்தவன் அவன். சளியண்ணன் ஓயாமல் இருமுவார். வெளியே போய்த் துப்ப மேஸ்திரி விடமாட்டார் என்பதால், காலி ஹார்டனர் டின்னில் துப்பி மூடிவைப்பார்.

"முகமூடியக் கழட்டாத. நீயும் அவர மாதிரி ஆயிடாத," என்றாள் அவள்.

இரண்டு குழாயையும் கழற்றித் தனித்தனிக் கோப்பையில் பிடித்துப் பார்த்தாள். பெயிண்ட் அளவாக வந்தது. ஹார்டனர் குழாய் கரகரத்தது.

பிறகு காறியது.

கோப்பையில் மஞ்சளாக, கட்டி கட்டியாக ஏதோ விழுந்தது. கோப்பை வெதுவெதுத்தது.

"ஈரம் பட்டுக் கெட்டிருக்கும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஃபில்டரைத் திறந்தாள். வலை தெரியாமல் கோழை அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் இழுத்தாள். நீண்டு வந்தது, பாதியில் மூச்சை உறிஞ்சுவதுபோல் சர்ரென்று உள்ளே திரும்பிப் போனது.

அதை விழுங்கியதுபோலவே அவள் நாக்கு வழவழத்தது.

குழாயைக் கழுவினாள். புது ஃபில்டர் போட்டாள். புது ஹார்டனர் டின்னை உடைத்து ஊற்றி இயந்திரத்தை ஓடவிட்டாள். திரையில் ஹார்டனரின் அளவு பூஜ்யத்திலேயே நின்றது.

கூண்டுக்குள் தம்பி இருமினான்.

எண் ஏறியது.

மறுபடி இருமினான். இன்னும் ஏறியது. அலாரம் நின்றுவிட்டது.

"வந்துட்டாரு பாத்தியா," மேஸ்திரி மெல்லச் சொன்னார். "அப்படியே ஓடட்டும், விடு."

அவள் ஓடிப்போய் முகமூடியைப் பிடுங்கினாள். அதன் விளிம்பிலிருந்து தம்பியின் உதடுவரை மஞ்சள் நூல் ஒன்று தொங்கியது.

"வீட்டுக்கு வா."

"வேலை போயிடும்க்கா."

"மூச்சு போறதுக்குப் பதிலா வேலை போகட்டும். நட."

வீட்டில் தம்பி வாஷ்பேசினில் குனிந்து நெடுநேரம் இருமித் துப்பினான். "இப்பத் தேவலக்கா," என்று வாயைத் துடைத்துக்கொண்டு போனான்.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஓடியது, அவன் துப்பியது நகரவில்லை. நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

டக்.

சாம்பல் நிறத்தில், பளபளவென்று, நன்றாகக் காய்ந்திருந்தது.

அதற்குக் கீழே, வடிகுழாய்க்குள் யாரோ காறினார்கள்.